பத்துத் தோல்வி, ஒரு சமன்: ஒரு சாஃப்ட்பால் பருவத்தின் நிகழ்வு ஆய்வு

இரண்டாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்திருந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா, மடக்கு நாற்காலியில் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தவர், எழுந்து கம்பிவேலி அருகே வந்தார். “ஏண்டி, ஆட்டம் எப்போது தொடங்கும்?” என்று கேட்டார். அப்போது நாங்கள் 11க்கு 1 என்று பின்தங்கியிருந்தோம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே கேட்டிருந்தார். அவருக்குத் தெரிந்தவரை, நாற்பது நிமிடங்களாக ஒரு சிறுமி பந்தை எறிவதும், இன்னொரு சிறுமி வேலியோரம் ஓடி அதைப் பொறுக்கி வருவதும், மட்டை வைத்திருந்தவள் அதைக் கீழே போட்டுவிட்டு நடந்து போவதும்தான் நடந்திருந்தன. மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தக் கேள்விதான் அந்தப் பருவத்தின் சரியான நோயறிதல் என்பது எனக்குப் புரிய இன்னும் இரண்டு ஆட்டங்கள் ஆயின. கீழே உள்ளவை, 2023 வசந்தகாலத்தில் நான் பயிற்சியாளராக இருந்த அணியின் ஸ்கோர் புத்தகத்திலிருந்தும், ஒவ்வோர் ஆட்டம் முடிந்த இரவும் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தும் எடுத்தவை. சிறுமிகளின் பெயர்களைத் தவிர்த்து, முதுகு எண்ணால் குறிப்பிடுகிறேன்.

களமும் விதிகளும்

இடம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். ஊரார் தாமே நடத்தும் பொழுதுபோக்கு லீக். யார் பணம் கட்டிப் பெயர் கொடுத்தாலும் இடம் உண்டு. எங்களுடையது பத்து வயதுவரையுள்ள சிறுமிகளின் பிரிவு.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்பால், பேஸ்பாலைப் போன்ற ஆட்டம். பந்து எறிபவர் பிட்சர். கையை ஒரு முழு வட்டமாகச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடவேண்டும். இந்த வயதுப் பிரிவில் எறியும் தூரம் 35 அடி. பந்தின் சுற்றளவு 11 அங்குலம். எறிய வேண்டிய இலக்கு, மட்டையாளர் அருகே தரையில் பதித்த, 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டுக்கு மேலே, மட்டையாளரின் முழங்காலுக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட வெற்றிடம். அதற்குள் வந்தாலும், மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டையாளர் அவுட். வெளியே போய், மட்டையாளரும் மட்டையை வீசாவிட்டால் அது ‘பால்’. நான்கு ‘பால்’ ஆனால் மட்டையாளர் சும்மா நடந்துபோய் முதல் பேஸில் நின்றுகொள்ளலாம். இதற்கு ‘வாக்’ என்று பெயர். (“நாலு பால் வாங்கினால் நடந்து போகலாமா? எந்த ஊர் நியாயம் இது?” என்று என் அம்மா சிரித்தார்.) மூன்று பேஸ்களையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்கும்போது இன்னொரு வாக் கொடுத்தால் ஒரு ரன் தானாக விழும்.

எட்டு வயது ஆகும்வரை பந்தைப் பயிற்சியாளரோ இயந்திரமோ எறியும். குழந்தைகள் தாங்களே எறியத் தொடங்குவது எங்கள் பிரிவில்தான். எட்டு வயதுச் சிறுமி கையைச் சுற்றி 35 அடிக்கு அப்பால் 17 அங்குல அகலத்துக்குள் பந்தைப் போடுவது எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால், நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள். நான் முயன்றேன். பத்தில் இரண்டு உள்ளே போயின.

இந்தச் சிரமத்தைத் தெரிந்துதான் எங்கள் லீக்கில் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். ஓர் அணி ஒரு இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்துவிட்டால், மூன்று அவுட் ஆகாவிட்டாலும் முறை மாறிவிடும். தவிர, ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது. வந்திருக்கும் எல்லாச் சிறுமிகளும் வரிசையில் மட்டை பிடிக்கவேண்டும், யாரையும் விடமுடியாது.

ஊர்ப் பெருமையாக ஒன்றைச் சொல்லவேண்டும். லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் மைதானம் சிறுமிகளுக்குத் திறந்ததில் இந்த மாநிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1972இல் ஹோபோகன் நகரில் மரியா பெபே என்ற சிறுமி, பையன்களோடு மூன்று பேஸ்பால் ஆட்டங்கள் ஆடியபின் விலக்கப்பட்டாள். வழக்கு நடந்தது. 1974இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் சிறுமிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் லிட்டில் லீக் நிறுவனம் சிறுமிகளுக்கென்று சாஃப்ட்பால் பிரிவையும் தொடங்கியது. என் அணியின் பதினொரு பேரிடமும் இதைச் சொன்னேன். 9ஆம் எண், “அப்படியானால் அவளால் ஸ்ட்ரைக் போட முடிந்ததா?” என்று கேட்டாள்.

நான் எப்படி வந்தேன்

பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் ஓர் அணியைக் கலைத்துவிடுவோம் என்று மார்ச் மாதத்தில் மின்னஞ்சல் வந்தது. கலைந்தால் என் மகளுக்கு இடமில்லை. பள்ளியில் எறிபந்து ஆடியதுதான் என் விளையாட்டுத் தகுதி. எறிபந்தில் பந்தைப் பிடித்தால் மூன்று விநாடிக்குள் திருப்பி எறிந்துவிடவேண்டும். கையில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடையாது. அந்தப் பழக்கம் பின்னால் எனக்கு உதவியது. அப்போது அது தெரியாது.

குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தது. தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்ற இணையப் பாடம் முடிந்தது. தன்னார்வப் பயிற்சியாளர்களுக்காக ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் வகுத்த மூன்று மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிந்தது. அதில் உட்கார்ந்தால் நியூ ஜெர்சி சட்டப்படி தன்னார்வலருக்கு ஓரளவு வழக்குப் பாதுகாப்பு உண்டு. இவ்வளவும் என்னைக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாதவளாக ஆக்கின. பிட்சிங் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவளாக ஆக்கவில்லை.

அணி பிரிக்கும் நாளில் என் அறியாமை எல்லார் முன்னிலும் விரிந்தது. சிறுமிகள் எண் ஒட்டிக்கொண்டு ஓடினார்கள், எறிந்தார்கள், அடித்தார்கள். மற்றப் பயிற்சியாளர்கள் மூன்று ஆண்டுகளாக அந்தப் பிள்ளைகளை அறிந்தவர்கள். அவர்கள் முதலில் பிட்சர்களை எடுத்துக்கொண்டார்கள், பிறகு மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களை. எனக்கு மதிப்பிடத் தெரிந்தது ஓட்டம் ஒன்றுதான். ஆகவே வேகமாக ஓடுகிறவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அந்த வட்டாரத்திலேயே மிக வேகமான, பந்து போடத் தெரியாத அணி எங்களுடையதாக அமைந்தது. விதிவிலக்கு 4ஆம் எண். அவள் கை அருமையான கை. எப்படியோ கடைசிச் சுற்றுவரை தப்பியிருந்தாள்.

முதல் நான்கு ஆட்டங்கள்

எண்களை முதலில் தருகிறேன். நான்கு ஆட்டங்களில் நாங்கள் களத்தில் நின்ற இன்னிங்ஸ் 15. நாங்கள் கொடுத்த வாக் 52. அதாவது ஒரு இன்னிங்ஸுக்கு மூன்றரை. எதிரணி ரன்களில் பெரும்பகுதி மட்டையில் படாமலே வந்தவை. வாக், வாக், வாக், கேட்சர் தவறவிட்ட பந்து, ஓட்டம். ஐந்தாவது ரன் விழுந்ததும் முறை மாற்றம்.

நாங்கள் மட்டை பிடித்தபோது 34 பேர் ஸ்ட்ரைக் அவுட். ஸ்கோர் புத்தகத்தில் அதற்கு ‘கே’ என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். மட்டையை வீசாமலே மூன்றாவது ஸ்ட்ரைக்கை வேடிக்கை பார்த்து அவுட் ஆனால் அந்த எழுத்தைத் திருப்பிப் போடுவது வழக்கம். எங்கள் 34இல் 21 திரும்பியிருந்தன.

இதற்கு நான் எழுதிக்கொண்ட விளக்கம், தன்னம்பிக்கைக் குறைவு. தோற்றுத் தோற்று மனம் தளர்ந்துவிட்டார்கள், உற்சாகமூட்டவேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வெளிப்புறப் புல்லில் அவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசினேன். பத்து நிமிடம், சில நாள் பதினைந்து. விடாமுயற்சி பற்றி, அணி உணர்வு பற்றி. என் குறிப்பேட்டில் அந்தப் பேச்சின் சுருக்கங்கள் இருக்கின்றன. இப்போது படித்தால் பள்ளி ஆண்டுவிழாத் தலைமையுரைபோல இருக்கிறது. 2ஆம் எண் பேச்சு முழுவதும் புல்லைப் பிடுங்கிக் காலணிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது ஆட்டம் முடிந்து என் மகள் (11ஆம் எண்), தோழியின் காரில் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். வீடு இரண்டு மைல். தோழி வீடு எதிர்த்திசை. நான் அனுமதித்துவிட்டுத் தனியாகக் காரோட்டி வந்தேன். வழியில்தான் முந்தைய மூன்று பயணங்களிலும் நான் என்ன பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது இன்னிங்ஸில் ஏன் அந்தப் பக்கம் எறிந்தாய், ஏன் வீசவில்லை, இப்படித்தான். புல்லில் பதினைந்து நிமிடப் பேச்சு போதாதென்று அவளுக்கு மட்டும் கூடுதல் வகுப்பு. முதல் மூன்று ஆட்டங்களையும் அவளைப் பிட்சராக வைத்தே தொடங்கியிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பெற்றோர் அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்குள் பேசியிருப்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் பேசியிருப்பேன்.

அன்றிரவு மூன்றாவது ஆட்டத்தின் காணொளியை எடுத்து வைத்துக்கொண்டு நேரம் குறித்தேன். என் கணவர் மகளை மட்டும் படமெடுக்காமல் முழுக் களத்தையும் எடுத்திருந்தது இந்த ஒருமுறைதான் பயன்பட்டது. ஆட்டம் 82 நிமிடம். அதில் எங்கள் பிள்ளைகள் களத்தில் காத்து நின்றது 49 நிமிடம். அந்த 49 நிமிடத்தில் மட்டையில் பட்டுக் களத்துக்குள் வந்த பந்துகள் ஆறு. வலது வெளிப்புறத்தில் நின்ற 7ஆம் எண்ணிடம் ஒன்றுகூட வரவில்லை. ஏப்ரல் மாதக் குளிரில் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு காலால் மண்ணில் வட்டம் போட்டுக்கொண்டு, 49 நிமிடம்.

அம்மாவின் கேள்வி அப்போதுதான் காதில் விழுந்தது. இந்தப் பிள்ளைகள் தோல்வியால் வாடவில்லை. ஆட்டமே இன்னும் தொடங்காததால் வாடினார்கள். சலிப்பைத்தான் நான் மனத்தளர்ச்சி என்று எழுதிவைத்திருந்தேன்.

என்ன மாற்றினோம்

முதலில் லீக் நிர்வாகத்துக்கு எழுதினேன். ஒரு இன்னிங்ஸில் மூன்றாவது வாக்குக்குப் பிறகு பயிற்சியாளரே பந்து எறியலாம் என்று விதி கொண்டுவாருங்கள் என்று கேட்டேன். பருவத்தின் நடுவில் விதி மாறாது என்று பதில் வந்தது. அன்று கடுப்பாக இருந்தது. நிதானமாக யோசித்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. தோற்கிற அணியின் பயிற்சியாளர் நடுவழியில் கேட்கும் விதிமாற்றத்தை யார் நம்புவார்கள்?

பயிற்சி நேரத்தில்தான் பெரிய மாற்றம். வாரத்துக்கு ஒருமுறை, 75 நிமிடம். அதுவரை நான் மட்டையால் ஒவ்வொரு பந்தாகத் தட்டிவிட, பதினொரு பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். ஆட்டத்தில் நிற்பதற்குப் பயிற்சியிலும் நிற்கவே பழக்கிக்கொண்டிருந்தேன். வரிசையை ஒழித்தோம். களத்தை மூன்று மூலைகளாகப் பிரித்து மூன்று வாளிப் பந்துகளை வைத்து, மூலைக்கு ஒரு பெற்றோரை நிறுத்தினோம். எறிபந்து விதியை அங்கே கொண்டுவந்தேன். பந்து கையுறைக்குள் விழுந்தால் மூன்று எண்ணுவதற்குள் வெளியே போகவேண்டும். தவறாகப் போனாலும் பரவாயில்லை, கையில் தங்கக்கூடாது. இதை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தமிழில் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணத் தொடங்கினார்கள். பதினொரு பேரில் தமிழ்க் குழந்தை என் மகள் ஒருத்திதான்.

பெற்றோரைத் துணைக்கு அழைத்தபோதுதான் 6ஆம் எண்ணின் தாய் கல்லூரியில் கேட்சராக ஆடியவர் என்று தெரிந்தது. மருத்துவமனையில் இரவுப்பணிச் செவிலியர். அதனால்தான் பயிற்சியாளராகப் பெயர் கொடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் நான் ஆறு வாரத்தில் புரிந்துகொள்ளாததைச் சொன்னார். நான் பிள்ளைகளை 35 அடியில் நிறுத்தி, “ஸ்ட்ரைக் போடு” என்று கத்திக்கொண்டிருந்தேன். தூரத்தை எட்டவேண்டுமே என்று அவர்கள் உடம்பை முறுக்கி வீசினார்கள். பந்தை விடும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறியது. அவர் வேலியில் கயிற்றால் ஒரு சட்டம் கட்டி, பிள்ளைகளை அதிலிருந்து பத்தடியில் நிறுத்தினார். அங்கே கைச்சுற்றுகூட வேண்டாம், மணிக்கட்டைச் சொடுக்கி விட்டால் போதும். பத்துப் பந்தில் ஆறு சட்டத்துக்குள் விழுந்தால் ஐந்தடி பின்னால் போகலாம். விழாவிட்டால் அங்கேயே. வேகத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது. பருவம் முடிவதற்குள் நான்கு பேர் 35 அடிக்கு வந்தார்கள். 2ஆம் எண் 25 அடியிலேயே நின்றுவிட்டாள். அந்த 25 அடியை அவள் தன் தாத்தாவிடம் காட்டிய விதத்தைப் பார்த்தால் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்ததோ என்று தோன்றும்.

ஆட்டத்தில் செய்த மாற்றம் இரண்டு. முதலாவது, ஒவ்வொரு பந்துக்கும் ஒவ்வொருவருக்கும் வேலை. இந்த வயதில் கேட்சர் பிட்சருக்குத் திருப்பி எறியும் பந்து அடிக்கடி எல்லை தாண்டிப் போகும். உடனே பேஸில் நிற்பவர்கள் ஓடிவிடுவார்கள். ஆகவே கேட்சர் எறியும் ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பேஸ்காரியும், இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் பிட்சருக்குப் பின்னால் வந்து காக்கவேண்டும். வெளிப்புறத்தில் நிற்பவர்கள் ஒவ்வொரு எறிக்கும் இரண்டடி முன்னால் வைத்து நிற்கவேண்டும். ஆட்டத்துக்கு நூற்றுக்குமேல் எறிகள். வாக் வந்தாலும் கால் அசையும், குளிராது. மேலும் அதனால் உண்மையிலேயே ரன்கள் மிச்சமாயின.

இரண்டாவது, இருபது பந்து விதி. பிட்சர் ஆக விரும்பிய ஏழு பேரின் பெயரையும் ஆட்டத்துக்கு முன்பே பலகையில் வரிசையாக எழுதிவிடுவேன். ஒருத்திக்கு இருபது பந்து. இருபது முடிந்ததும், எதிரில் நிற்கும் மட்டையாளரோடு அவள் முறை முடிகிறது. கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் சிறு கருவி ஒன்றை வாங்கிக்கொண்டேன். முன்பு நான் நான்கைந்து வாக் ஆனபின் மைதானத்துக்குள் நடந்துபோய்ப் பிட்சரை மாற்றுவேன். நான் வேலியைத் திறக்கும்போதே அந்தப் பிள்ளையின் உதடு பிதுங்கும். இப்போது நன்றாகப் போட்டாலும் இருபது, சொதப்பினாலும் இருபது. மாற்றம் தண்டனையாகத் தெரியவில்லை. அடுத்தவள் பெஞ்சில் இருந்தபடியே ஓரத்தில் கையைச் சூடேற்றிக்கொள்வாள். இல்லாவிட்டால் அம்பயர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

புல் வட்டப் பேச்சு நின்றது. கைகுலுக்கல் முடிந்ததும் எல்லோரும், தம்பி தங்கைகளையும் சேர்த்துக்கொண்டு, நான்கு பேஸையும் ஒருமுறை சுற்றி ஓடிவிட்டுத் தின்பண்டத்துக்குப் போகலாம். வேகமான அணி என்று சொன்னேனே. அவர்களுக்கு நிச்சயமாகக் கைவந்த ஒரே காரியம் அதுதான்.

வீசு என்று சொன்னதற்கு விலை

இந்த இடத்தில்தான் பெற்றோரோடு எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு வந்தது. அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது.

எதிரணிப் பிட்சர்களும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள்தான். அவர்களும் வாக் கொடுத்தார்கள். ஆகவே ரன் எடுக்க நல்ல வழி, மட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலே நிற்பது. பந்து வெளியே போகும்போதெல்லாம் வேலிக்கு வெளியிலிருந்து பெற்றோர் “நல்ல கண்!” என்று பாராட்டுவார்கள். பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? வீசாமல் இருந்தால் கைதட்டு. அந்த 21 திரும்பிய எழுத்துக்குக் காரணம் பயம் என்று நினைத்திருந்தேன். பாதியாவது நாங்களே கொடுத்த பாடம்.

ஐந்தாவது ஆட்டத்திலிருந்து, எட்டுமென்று தோன்றும் எந்தப் பந்தையும் வீசுங்கள் என்று சொன்னேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த என் கணவருக்கே இது உறுத்தியது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுவதுதானே அழகு என்றார். கிரிக்கெட்டில் ஒரு தவறு செய்தால் அன்றைய மட்டை முடிந்தது. இங்கே பத்தில் மூன்று முறை ஒழுங்காக அடித்தால் பெரியவர்கள் ஆட்டத்திலேயே கெட்டிக்காரி. தவறுவதற்கு இடம் விட்டு அமைத்த ஆட்டம் இது. வீசிப் பார்க்காமல் கற்றுக்கொள்ளவே முடியாது.

எட்டாவது ஆட்டத்தில் அதற்கு விலை கொடுத்தோம். கடைசி இன்னிங்ஸ், 8க்கு 6 என்று பின்னால் இருக்கிறோம், மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட். எதிரணிப் பிட்சர் களைத்துவிட்டாள். தொடர்ந்து மூன்று பேருக்கு வாக் கொடுத்துவிட்டாள். 5ஆம் எண் நின்றாள். ஒரு பந்தையும் தொடாமல் நின்றிருந்தால் அநேகமாக ஒரு ரன், அடுத்தவளும் நின்றிருந்தால் சமன். 5ஆம் எண் மூன்று பந்தையும் வீசினாள். ஒன்றாவது ஹோம் பிளேட்டுக்கு அருகில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆட்டம் முடிந்தது.

அவளுடைய தந்தை என்னிடம் வந்து, அமைதியாகத்தான், “அவளை நிற்கச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். டக்அவுட்டில் (அணி உட்காரும் ஓரத்தில்) அந்த வார்த்தை என் நாக்குவரை வந்தது. மூன்று வாரமாக வீசு என்று சொல்லிவிட்டு, ஒரு வெற்றி கிடைக்கும்போல இருந்ததும் வேறு சொன்னால், அவள் என்னிடமிருந்து எதைக் கற்றுக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். இன்றும் எனக்கு அது முழுக்கச் சரியென்று தோன்றவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு வெற்றியைக் கொடுக்காமல் கொள்கையைக் கொடுத்தேனோ என்ற உறுத்தல் உண்டு. ஆனால் கடைசி நான்கு ஆட்டங்களில் திரும்பிய எழுத்துகள் ஆறாகக் குறைந்தன என்பதையும் எழுதவேண்டும்.

4ஆம் எண்

இருபது பந்து விதியால் யாருக்கு நட்டம் என்று யோசித்தால் பதில் சுலபம். எங்களில் உண்மையிலேயே பந்து போடத் தெரிந்த ஒரே சிறுமி 4ஆம் எண்தான். முதல் நான்கு ஆட்டங்களிலும் அவள் போட்டபோதுதான் ஏதோ ஆட்டம்போல இருந்தது. அவளுக்கும் இருபதுதான் என்றேன். ஐந்தாவது ஆட்டத்தில் அவள் இருபதாவது பந்தில் ஒருத்தியை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நான் பலகையைக் காட்டினேன். அவள் பந்தைப் பிட்சர் நிற்கும் வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு மூன்றாவது பேஸுக்கு நடந்தாள். ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு வரவில்லை.

அவள் தந்தை தொலைபேசியில் பேசியது ஐந்து நிமிடம்தான். “எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பது நல்லதுதான் கோச். ஆனால் அவள் வீட்டுக் கொல்லையில் தினமும் நூறு பந்து எறிகிறாள். அதற்கு என்ன கொடுத்தீர்கள்?” என்றார். என்னிடம் அப்போது பதில் இல்லை. மற்றவர்களுக்காக விதி செய்தபோது, அவளைத் தனியே அழைத்து ஏன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பெற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பலகையில் எழுதினேன், பத்து வயதுப் பிள்ளையிடம் பேசவில்லை. திறமைசாலி, தாங்கிக்கொள்வாள் என்று எண்ணிவிட்டேன்போலும். அவளுக்கு முப்பது கொடுத்திருக்கலாமா, கேட்சராகவும் பழக்கியிருக்கலாமா என்றெல்லாம் பிறகு கணக்குப் போட்டேன். இந்த ஆய்வில் தெளிவான தோல்வி எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

சமன்

ஜூன் 7 அன்று கனடாக் காட்டுத்தீயின் புகை வந்து நியூ ஜெர்சி வானம் ஆரஞ்சு நிறமாயிற்று. அன்றைய ஆட்டம் ரத்து, பிறகும் நடக்கவில்லை. ஆகவே பன்னிரண்டில் பதினொன்றுதான் ஆடினோம். அவற்றில் பத்தாவது 7க்கு 7.

நேரம் முடிந்துவிட்டது, புதிய இன்னிங்ஸ் கிடையாது, அடுத்த ஆட்டக்காரர்கள் வேலியருகே காத்திருந்தார்கள். சமன் ஆகிவிட்டோம், தோற்கவில்லை என்று நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிள்ளைகள் அசையவில்லை. இன்னொரு இன்னிங்ஸ் ஏன் இல்லை என்று 9ஆம் எண் அம்பயரிடமே போய்க் கேட்டாள். 5ஆம் எண்ணும் 7ஆம் எண்ணும் அழுதார்கள். ஒன்பது தோல்வியில் ஒருமுறைகூட யாரும் அழுததில்லை. பதினெட்டு ரன் வித்தியாசத்தில் தோற்ற அன்று ஐஸ்கிரீம் கேட்டவர்கள் இவர்கள். அன்று யாரும் பேஸைச் சுற்றி ஓடவில்லை. 7ஆம் எண்ணின் தாய் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். நான் தேற்றப் போகவில்லை. எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது, அதை மறைக்க வாளியில் பந்துகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு

கடைசி நான்கு ஆட்டங்களில் 16 இன்னிங்ஸ், 35 வாக். இன்னிங்ஸுக்கு மூன்றரையாக இருந்தது இரண்டுக்குச் சற்று மேலாகக் குறைந்தது. இதில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு மே மாதம் கை விறைக்காததால் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. வெற்றி ஏதுமில்லை.

இந்தத் துறையில் பழைய ஆய்வு ஒன்று உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் 1970களிலிருந்து சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் களத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள். நல்லதைக் கண்டு பாராட்டுவது, தவறு நேர்ந்தால் திட்டாமல் தேற்றி வழிகாட்டுவது என்று ஒரு பகுதிப் பயிற்சியாளர்களுக்குக் கற்பித்தார்கள். அப்படிப் பழகியவர்களின் அணிகள் கூடுதலாக வென்றுவிடவில்லை. ஆனால் 1992இல் வெளியான தொடர் ஆய்வில், பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதத்தினர் மறு ஆண்டு விலகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் 5 சதவீதம்தான். 2014இல் அமண்டா விசெக் குழுவினர் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடமும் பெற்றோர், பயிற்சியாளர்களிடமும், ஆட்டத்தில் எது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தருகிறது என்று கேட்டுத் தொகுத்த 81 காரணங்களில், வெற்றிக்கு 48ஆம் இடம் கிடைத்தது. முழு முயற்சியோடு ஆடுவது போன்றவை மேலே இருந்தன.

இந்த 48ஐ எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு வெற்றி தோல்வி பொருட்டில்லை என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். என் அணியின் எல்லாச் சிறுமிகளுக்கும் எந்த நேரத்திலும் ஸ்கோர் துல்லியமாகத் தெரியும். பெரியவர்கள் கேட்டால் தெரியாது என்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் எனக்கு உறைத்தது வேறு. முழு முயற்சியோடு ஆட, முயல்வதற்கு ஏதாவது வேலை வேண்டும். 49 நிமிடத்தில் ஆறு பந்து வரும் களத்தில் ஒரு குழந்தை எதற்காக முயலும்?

அடுத்த வசந்தத்தில் பதினொருவரில் ஒன்பது பேர் மறுபடி எங்கள் லீக்கில் பெயர் கொடுத்தார்கள். 2ஆம் எண் நீச்சலுக்குப் போய்விட்டாள். பதினொன்று சிறிய எண்ணிக்கை, இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. லீக் புதிய விதி கொண்டுவந்திருந்தது. பருவத்தின் முதல் மூன்று வாரம், நான்கு ‘பால்’ ஆனதும் பயிற்சியாளர் வந்து எறிவார். நான் எழுதிய கடிதத்தால்தான் என்று சொல்லமாட்டேன். எல்லா அணிக்கும் கை விறைத்திருந்த ஏப்ரல் அது.

4ஆம் எண் வெளியூர்களுக்குப் போய் ஆடும் ஒரு போட்டி அணியில் சேர்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பூங்காவிலேயே அவர்களுக்கு ஆட்டம் இருந்தது. மகளின் காலணியைத் தேடிப் போனவள் வேலியருகே நின்றுவிட்டேன். அவள் தந்தை தூரத்திலிருந்து கையசைத்தார். அவள் எறிந்துகொண்டிருந்தாள். எண்ணும் கருவி இன்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தது, விரல் தானாக அழுத்திக்கொண்டே போயிற்று. இருபதில் அவள் அப்போதுதான் சூடேறியிருந்தாள். நான் கிளம்பும்போது கருவியில் 43.